பிளாட்டினம் அட்டையின் செலவு யார் கணக்கில்?

மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசத்தின் அரிப்புக் கடற்கரையில், அலை அரித்தது போக மிஞ்சிய சில சுவர்கள் நிற்கின்றன. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டுவித்த டொரிக் மாளிகை அது. முத்துக்குளிப்புக் காலத்தில் ஆளுநர் வந்து தங்கவும், மாடியில் இருந்தபடி கடலில் நடப்பதைப் பார்க்கவும் கட்டியது. கீழே மணலில் ஓலைக் கொட்டில்கள், பல்லாயிரம் குளியாளிகள், சம்மாட்டிகள், வியாபாரிகள், குவித்துப் போட்டு அழுகவிட்ட சிப்பிகளின் நாற்றம், ஈ. மேலே தூண்களுக்கு இடையில் கடற்காற்று.

சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. இன்று முசலியில் இருந்து ஆட்கள் வேறு திசைகளுக்குப் போகிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்கு, மக்காவுக்கு உம்ராவுக்கு, கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியேறிய பிள்ளையைப் பார்க்க. இரவு பஸ் பிடித்து ஏழெட்டு மணி நேரம் குலுங்கிக் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே சோபா, சூடான சாப்பாடு, அமைதி. வெளியே கதிரை கிடைக்காமல் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்திருக்கும் கூட்டம். உள்ளே போகிறவர் பெரும்பாலும் அமைச்சரோ கோடீஸ்வரரோ இல்லை. வாசலில் இருக்கும் பெண்ணிடம் ஒரு கடனட்டையை நீட்டுகிறார், அவ்வளவுதான். அந்த அட்டையில் என்ன இருக்கிறது, அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய கணக்கு.

நாட்டில் பாவனையில் உள்ள கடனட்டைகள் இருபது இலட்சத்தை ஒட்டி நிற்கின்றன. அவற்றில் சாதாரண அட்டைகளும் உண்டு. அதற்கு மேல் ஒரு படிக்கட்டு இருக்கிறது. விசாவில் கிளாசிக், கோல்ட், பிளாட்டினம், சிக்னேச்சர், இன்ஃபினிட். மாஸ்டர்கார்டில் ஸ்டாண்டர்ட், கோல்ட், பிளாட்டினம், வேர்ல்ட், வேர்ல்ட் எலீட். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் வழியில் பச்சை, தங்கம், பிளாட்டினம், கறுப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறது. இலங்கையில் அதை வழங்குவது நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கி. பிளாட்டினம் என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசாவின் ஐந்து படிகளில் பிளாட்டினம் வெறும் மூன்றாவது படி. அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் அதே சொல் உச்சிக்கு ஒரு படி கீழே. பெயர் ஒன்றுதான், எடை வேறு.

இந்தப் படிக்கட்டு ஒரே நாளில் கட்டியதல்ல. 1950இல் நியூயோர்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களில் கணக்கு வைத்துச் சாப்பிட உதவிய ஒரு காகித அட்டை. 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வந்தது. அட்டை எல்லோர் சட்டைப் பையிலும் வந்துவிட்டால் அதில் என்ன பெருமை? 1966இல் தங்க அட்டை வந்தது. தங்கமும் மலிந்ததும் 1984இல் பிளாட்டினம். அதற்கும் மேலே ஒரு இரகசியக் கறுப்பு அட்டை இருக்கிறது, அதை வைத்திருப்பவர் நள்ளிரவிலும் கடையைத் திறக்க வைக்கலாம் என்று எண்பதுகளில் ஒரு வதந்தி பரவியது. அப்படி ஒன்று அப்போது இருக்கவில்லை. வதந்தியில் வியாபாரத்தைக் கண்ட கொம்பனி, 1999இல் செஞ்சூரியன் என்ற பெயரில் அதை உண்மையாகவே வெளியிட்டது. விண்ணப்பித்து வாங்க முடியாது, கொம்பனிதான் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் சேரும்போது 10,000 டொலர், பிறகு வருடந்தோறும் 5,000 டொலர். பெருமைக்கு இவ்வளவு துல்லியமாக விலைச்சீட்டு ஒட்டிய பொருள் வேறு குறைவு.

பிறகு பாரம் வந்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் சேஸ் வங்கி, சஃபையர் ரிசர்வ் என்ற உலோக அட்டையை வெளியிட்டது. ஆண்டுக் கட்டணம் 450 டொலர், சேர்பவருக்கு ஒரு இலட்சம் பொயின்ட்ஸ். மேசையில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும் அந்த அட்டைக்கு இளைஞர்கள் முண்டியடித்ததில், சில வாரங்களிலேயே உலோகக் கையிருப்பு தீர்ந்து, வங்கி தற்காலிகப் பிளாஸ்டிக் அட்டை அனுப்ப வேண்டி வந்தது. அள்ளிக் கொடுத்த பொயின்ட்ஸால் அந்த வருடக் கடைசிக் காலாண்டின் இலாபத்தில் 20 முதல் 30 கோடி டொலர் வரை குறையும் என்று வங்கியின் தலைவரே சொன்னார். வங்கி அதை நட்டமாகப் பார்க்கவில்லை. இன்று அதே அட்டையின் ஆண்டுக் கட்டணம் 795 டொலர். தூண்டில் வீசியவருக்கு இரையின் விலை தெரியும்.

சலுகைகளில் கண்ணுக்குத் தெரிவது லவுஞ்ச். நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் 1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் விமானக் கொம்பனி நடத்திய முதல் ஓய்வறை. தொடக்கத்தில் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே போக முடிந்தது. 1992இல் பிரயோரிட்டி பாஸ் என்ற திட்டம் வந்து, எந்த விமானத்தில் பறந்தாலும் சந்தா கட்டினால் ஓய்வறை என்றாக்கியது. வங்கிகள் அந்தச் சந்தாவை மொத்தமாக வாங்கி அட்டையோடு இலவசம் என்று கொடுக்கத் தொடங்கின. அந்த இலவசத்தின் உண்மையான பெறுமதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிரயோரிட்டி பாஸை நேரடியாக வாங்கினால், ஆகக் குறைந்த சந்தாவில் வருடத்துக்கு 99 டொலரும், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போது 35 டொலரும். ஆக ஒரு தடவை லவுஞ்சில் இருப்பதன் சில்லறை விலை சுமார் 35 டொலர். வருடத்தில் ஒரே ஒருமுறை ஜித்தா போய் வரும் ஒருவர், அந்த ஒரு தடவைக்காக அட்டைக்கு எவ்வளவு கட்டுகிறார் என்று இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டுநாயக்காவில் வாசலில் காசு கட்டி உள்ளே போகும் ஓய்வறைகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

லவுஞ்சுக்கு உலகம் முழுவதும் இப்போது ஒரே வியாதி. கூட்டம். கதவுக்கு உள்ளே இருந்த அமைதிக்குத்தான் விலை. கதவு எல்லோருக்கும் திறந்ததும் அந்த அமைதி காணாமல் போனது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2013இல் தன் சொந்த லவுஞ்சுகளைத் திறக்க ஆரம்பித்தது. பத்து வருடம் கழித்து, 2023 பெப்ரவரியில், கூட வரும் விருந்தினருக்கு 50 டொலர் கட்ட வேண்டும், வருடத்தில் 75,000 டொலர் செலவழிப்பவருக்கு மட்டும் விருந்தினர் இலவசம் என்று விதி போட்டது. டெல்டா விமானக் கொம்பனி 2025 பெப்ரவரியில் இருந்து அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அட்டைக்காரருக்கும் தன் லவுஞ்ச் வருடத்துக்குப் பத்து முறைதான் என்று மட்டுப்படுத்தியது. இந்தியாவில் இரண்டு ரூபாயை அட்டையில் இழுத்துவிட்டு உள்ளே போய் வயிறாரச் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. சென்னை விமான நிலையத்தில் அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எச்டிஎஃப்சி வங்கியின் ரிகேலியா அட்டை 2023 டிசெம்பரில் இருந்து, ஒரு காலாண்டில் ஒரு இலட்சம் இந்திய ரூபாய் செலவழித்திருந்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் என்று நிபந்தனை போட்டது. இலவசம் என்ற சொல் அச்சிலேயே இருக்க, அதன் கீழே நட்சத்திரக் குறிகள் கூடிக்கொண்டே போகின்றன.

வகுப்புப் பிரித்துப் பயணம் அனுப்புவது மன்னாருக்குப் புதிதல்ல. 1914இல் தொடங்கி 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை ஓடிய போட் மெயிலில், எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை வரலாம். ரயில், பிறகு தலைமன்னார் இறங்குதுறை வரை கப்பல், மறுபடி ரயில். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நாட்கணக்கில் மருத்துவக் கண்காணிப்பில் வைத்திருந்து, பிறகே கப்பல் ஏற்றினார்கள். மேல்வகுப்புப் பயணிக்கு அந்த முகாம் வாசம் இல்லை. கடலும் ஒன்று, கப்பலும் ஒன்று. காத்திருப்பைத் தவிர்ப்பதுதான் அன்றும் பெரிய சலுகையாக இருந்தது.

அடுத்தது பொயின்ட்ஸ். இதில்தான் கணக்குத் தெரிந்தவருக்கு உண்மையான ஆதாயம் இருக்கிறது, தெரியாதவருக்குக் குழி இருக்கிறது. எச்டிஎஃப்சியின் இன்ஃபினியா தமிழ்நாட்டு வசதியானவர்களிடையே பேர் பெற்ற அட்டை. வங்கி அழைத்தால்தான் கிடைக்கும். கட்டணம் 12,500 இந்திய ரூபாய், வரியோடு 14,750. செலவழிக்கும் ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் ஐந்து பொயின்ட்ஸ். வங்கியின் தளத்திலேயே விமானச் சீட்டு வாங்கினால் ஒரு பொயின்ட் ஒரு ரூபாய். அதே பொயின்டைப் பில்லில் கழிக்கச் சொன்னால் 30 பைசாதான். பத்து இலட்சம் ரூபாய் செலவழித்த ஒருவர் 33,000க்கு மேல் பொயின்ட்ஸ் சேர்த்திருப்பார். பறந்தால் அது முப்பத்து மூவாயிரம் ரூபாய். பில்லில் கழித்தால் பத்தாயிரம். அட்டை ஒன்று, ஆள் ஒன்று, ஆதாயம் மூன்று மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கையும் வங்கி நினைத்த நேரத்தில் மாற்றலாம். அக்ஸிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டை, மாதம் ஒரு இலட்சம் செலவழித்தால் 25,000 பொயின்ட்ஸ் கூடுதலாகக் கொடுத்து இந்தியா முழுவதும் பேச வைத்தது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தச் சலுகை நின்றது. ஆண்டுக் கட்டணம் 10,000இல் இருந்து 12,500 ஆனது. பொயின்ட்ஸை நம்பி அடுத்த வருட விடுமுறைக்குத் திட்டம் போட்டவர்கள் கையில் மிஞ்சியது அட்டை மட்டும். பொயின்ட்ஸ் வங்கியில் போட்ட காசு இல்லை. சேர்த்து வைக்க வைக்க அதன் மதிப்பு குறையத்தான் செய்யும். கிடைத்த வருடமே செலவழிப்பவர்தான் புத்திசாலி.

முசலியில் இருந்து வெளிநாடு போன உறவுகளிடையே இன்னொரு வித்தியாசம் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பொயின்ட்ஸில் டிக்கெட் போட்டுக் கொழும்பு வருவார். பாரிஸில் இருக்கும் தம்பி அதே அளவு செலவழித்தும் முழுக் காசு கொடுத்து வருவார். தம்பிக்குச் சாமர்த்தியம் போதாது என்று நினைக்க வேண்டாம். ஒரு கடையில் அட்டையை உரசும்போது, கடைக்காரர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. சலுகைகளின் ஊற்று அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசெம்பரில் இருந்து அந்தப் பங்கைக் கடனட்டைக்கு 0.3 சதவீதமாகவும், டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதமாகவும் கட்டிப்போட்டது. வட அமெரிக்காவில் அது பல மடங்கு. வங்கிக்கு வருவது குறைந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. கனடாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினத்துக்கு 799 கனேடிய டொலர் கட்டுகிறவர்களும் உண்டு; பயணத்துக்கு 200, சாப்பாட்டுக்கு 200 என்று திரும்பக் கொடுப்பதால், அதிகம் பறக்கிறவருக்கு அது கட்டுப்படியாகிறது.

அப்படியானால் கடைக்காரர் கொடுப்பதை இறுதியில் யார் கொடுக்கிறார்? பொருளின் விலையில் அது சேர்ந்துவிடுகிறது. அட்டையில் வாங்குகிறவருக்கு அதில் ஒரு பகுதி பொயின்ட்ஸாகத் திரும்பி வருகிறது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு எதுவும் வராது. பொஸ்டன் மத்திய வங்கிப் பொருளியலாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் காசில் வாங்கும் ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 149 டொலரை அட்டைக்காரருக்காகக் கட்டுகிறது. அட்டையில் வாங்கும் குடும்பம் 1,133 டொலர் பெறுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. லவுஞ்சில் ஒருவர் குடிக்கும் கோப்பியில், வெளியே காசு எண்ணிக் கொடுத்து பிஸ்கட் வாங்கியவரின் பங்கும் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

இலங்கையில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். கார்டை நீட்டினால் மூன்று வீதம் கூடும் என்று முகத்துக்கு நேரே சொல்லும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிக் கூட்டி வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. மூன்று வீதம் கூடக் கொடுத்து ஒரு வீதப் பொயின்ட்ஸ் வாங்குவது என்ன கணக்கு என்று அட்டைக்காரரும் யோசிக்கலாம்.

வட்டிதான் இந்தக் கதையின் கனமான பகுதி. கடனட்டைக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி உச்சவரம்பு போட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் அது நிலைக்கவில்லை. சில வங்கிகள் 36 சதவீதம் வரை போயின. 2023 ஆகஸ்டில் 28 சதவீதம் என்று மறுபடியும் ஒரு வரம்பு வந்தது. அந்த 28 சதவீதத்தில் ஒரு இலட்சம் ரூபாய் நிலுவை வைத்தால் ஒரு மாத வட்டி 2,300 ரூபாய்க்கு மேல். பில்லில் மினிமம் என்று போட்டிருக்கும் ஐந்து வீதத்தை, அதாவது 5,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவரின் கடன், உண்மையில் சுமார் 2,700 ரூபாய்தான் குறைகிறது. போதாததற்கு, பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் போய்விடும்; வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். பிளாட்டினமோ இன்ஃபினிட்டோ, அட்டை எவ்வளவு உயர்ந்ததானாலும் இதில் தள்ளுபடி இல்லை. நிலுவை வைக்கிறவர் கட்டும் வட்டியும், முழுதாகக் கட்டுகிறவரின் லவுஞ்சுக்குப் போய்ச் சேருகிறது.

முசலியில் பெரும்பான்மையானோர் முஸ்லிம்கள் என்பதால், இங்கே இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. குறித்த நாளில் கட்டிவிட்டால் வட்டியே வராதே, அப்போது கடனட்டை வைத்திருக்கலாமா? சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய அமர்வில் இதை எடுத்துப் பேசியது. தாமதித்தால் வட்டி என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், நாளுக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் அந்த அட்டை கூடாது என்பது அதன் 108ஆவது தீர்மானம். தன் கணக்கில் உள்ள பணத்தில் இருந்தே கழியும் அட்டைக்கு அந்தத் தடை இல்லை. எல்லா உலமாக்களும் இதில் ஒரே கருத்தினர் அல்லர், அவரவர் கேட்டுத் தெளிய வேண்டியது. 2011இல் தொடங்கிய அமானா வங்கி போன்று வட்டியில்லாமல் நடக்கும் வங்கிகளின் டெபிட் கார்டுகள் இருக்கின்றன. உம்ராவுக்குப் போகிறவருக்கு மக்காவில் பணம் எடுக்கவும் ஹோட்டலுக்குக் கொடுக்கவும் சர்வதேசப் பாவனைக்குத் திறந்துவிட்ட டெபிட் கார்ட் போதும். வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும்போது எந்த அட்டையானாலும் வங்கியின் மாற்றுக் கட்டணம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பயணக் காப்புறுதி என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இன்னொரு சலுகை. பெட்டி தொலைந்தாலும், விமானம் தாமதித்தாலும், வெளிநாட்டில் நோய் வந்தாலும் இழப்பீடு என்பார்கள். பெரும்பாலான அட்டைகளில் ஒரு நிபந்தனை உண்டு. டிக்கெட்டை அதே அட்டையில் வாங்கியிருக்க வேண்டும். உம்ராப் பொதியை முகவரிடம் கையில் காசாகக் கொடுத்து எடுத்தவருக்கு, அட்டை எந்த நிறமானாலும் அந்தக் காப்புறுதி இல்லை. மேசை பதிவு செய்ய, பூங்கொத்து அனுப்ப என்று இருபத்து நான்கு மணி நேரமும் தொலைபேசியில் ஆள் இருக்கும் சேவையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதைப் பாவிப்பவரை மன்னார்ப் பக்கம் காண்பது அபூர்வம்.

பெருமைக்கு ஒரு பரீட்சையும் வந்து போனது. 2022இல் நாட்டில் டொலர் வற்றியபோது வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுப் பாவனைக்குக் கட்டுப்பாடு போட்டன. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டில் டொலரில் செலவழித்துவிட்டு ரூபாயில் பில்லைப் பார்த்தவர்களுக்கு அட்டையின் நிறம் ஆறுதல் தரவில்லை. பெயரும் நிரந்தரமில்லை. 1892இல் இருந்து இலங்கையில் இருக்கும் எச்எஸ்பிசி, தன் தனிநபர் வங்கிச் சேவையை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்கப்போவதாக 2025 செப்டெம்பரில் அறிவித்தது. சர்வதேச வங்கியொன்றின் அட்டை என்று பெருமையோடு வைத்திருந்தவர்களும் அந்த விற்பனையில் அடக்கம்.

ஆகவே உயர்ரக அட்டை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. மாதத்துக்கு இரண்டு முறை பறக்கிற வியாபாரி, பில்லை ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் கட்டுகிறவர், பொயின்ட்ஸை விமானச் சீட்டாக மாற்றத் தெரிந்தவர் என்ற மூன்றும் ஒரே ஆளாக இருந்தால், அவருக்கு அது நல்ல வியாபாரம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு இடிக்கும். இரண்டு குறைந்தால், அவர்தான் அடுத்தவருடைய லவுஞ்சுக்குக் காசு கட்டுகிறவர். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டுநாயக்கா போகும் முசலிக் குடும்பம் ஒன்றுக்கு, வாசலில் ஒரு தடவைக்குக் காசு கட்டி லவுஞ்சுக்குள் போவது அட்டையின் ஆண்டுக் கட்டணத்தை விட மலிவாக முடியக்கூடும்.

வங்கி ஊழியர் அட்டையோடு வரும்போது கேட்க வேண்டியவை சில. முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடம் எவ்வளவு? லவுஞ்ச் வருடத்துக்கு எத்தனை தடவை, கூட வரும் மனைவிக்கும் தாய்க்கும் உண்டா? ஒரு பொயின்ட் டிக்கெட்டில் எவ்வளவு, பில்லில் எவ்வளவு? வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதலாக எத்தனை வீதம்? பதிலை வாயால் சொல்ல விடாமல் எழுத்தில் வாங்குங்கள், தமிழிலேயே கேளுங்கள். வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் விபரம் கொடுப்பது மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி வங்கியின் கடமை. கொடுக்க மறுத்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.